ங்

எலி செத்து மூன்று நாளாகிறது.
மேசை எலிதான். டீ கொட்டிவிட்டது.
வேறு கேட்டதற்கு, ஆடிட் முடியட்டுங் என்றார்கள்.
அப்படித்தான் இந்தப் பெட்டிக்கு வந்து சேர்ந்தேன்.

கன்ட்ரோலையும் கே-யையும் சேர்த்து அமுக்கினால்
எழுதிக்கொண்டிருக்கும் பக்கத்தின் நெற்றியில்
ஒரு வெள்ளைப் பட்டை திறக்கும்.
உள்ளே ஒற்றைக் கோடு கண் சிமிட்டும்.
பாதி சொன்னால் போதும்,
மீதியை அதுவே ஊகித்துக்கொள்ளும்.
தலை என்றால், தலைப்பாக்கு.
அடி என்றால்
அடிக்கோடிடு, அடிக்குறிப்பு சேர்.

முதல் நாள் அழிங்க என்று அடித்துவிட்டேன்.
பொருந்தும் கட்டளை இல்லை என்றது.
சேருங்க.
இல்லை.
பக்கத்து மேசை திருமூர்த்திக்குச் சிரிப்புத் தாளவில்லை:
அதுக்கெதுக்குங்க்கா மருவாதி?

எங்கள் ஊத்துக்குளிப் பக்கம்
இரண்டு வயசுப் பிள்ளையிடமும் சாப்பிடுங் சாமி என்போம்.
வழி மறித்த எருமையிடம்
கொஞ்சம் நவுருங் என்று கேட்டவரை எனக்குத் தெரியும்.
முப்பத்தொரு வயதில் நான் ஒருவரையும்
நீ என்றதில்லை:
கட்டினவரை, கடன் கேட்டு வந்தவரை,
காங்கயம் பஸ்ஸில் இடித்துக்கொண்டே நின்றவனை.

இதில் நீ என்று அடித்துப் பார்த்தேன்.
நீக்கு
நீட்டு
நீலமாக்கு
மூன்றும் கை கட்டி நின்றன.

பொய் சொல்வானேன், ருசியாக இருந்தது.
நீக்கு என்பேன், போய்விடும்.
என் பேச்சுக்கு இத்தனை வேகமாய்
இந்தத் திருப்பூரில் எதுவும் ஓடி வந்ததில்லை.

புதன்கிழமை சாயங்காலம்
சென்னியப்பண்ணன் மாடியேறி வந்தார்.
நாற்பது பக்கம், ஷிப்ட் கையேடு.
எனக்கு முன்னால் இருந்தவர்
உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டு
வேலையை விட்டுப் போயிருந்தார்.

ஏனுங் கருணாம்பிகை,
வெள்ளிக்கெழம டென்மார்க்காரங்க வர்றாங்க.
12 மணி நேரம்னு இருக்கற எடமெல்லாம்
8னு போட்டுருங்.
கொஞ்சம் இருந்து முடிச்சுட்டே போயிருங்.
டீ சொல்லட்டுங்களா?

நான்கு ங். எண்ணினேன்.
டீயைத் தவிர எதிலும் கேள்வி இல்லை.

பெட்டியைத் திறந்தேன்.
எல் என்றதுமே
எல்லாவற்றையும் மாற்று முன்னால் வந்து நின்றது.
12.
8.
என்டர்.
பத்தொன்பது இடங்களில் மாற்றப்பட்டது.
அதில் இரண்டு வேடிக்கை:
மதியச் சாப்பாடு 8 மணிக்கு என்று ஆகியிருந்தது,
எட்டாம் பக்கம் இரண்டு தடவை வந்தது.
மற்ற பதினேழும் கச்சிதம்.
படித்தால் நானே நம்புவேன்.

கீழே ஓவர்லாக் மிஷின்கள் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தன.
எட்டரைக்குச் சங்கு ஊதியது.
காலையில் இதே எட்டரைக்கு உள்ளே போனவர்கள்
தலையெல்லாம் பனியன் பஞ்சோடு
ஒவ்வொருவராய் வெளியே வந்தார்கள்.
செக்கிங் சுலோச்சனா துப்பட்டாவை உதறியவள்
என் ஜன்னலில் வெளிச்சம் பார்த்து நின்றாள்.
இன்னும் போகலீங்களாக்கா?
பாவம், ரொம்ப நேரமாச்சுங்களே.

பாவம் என்றாள்.
என்னை.

சாப்பாட்டு நேரத்தை மட்டும் திருத்தலாம் என்றுதான்
மறுபடி பெட்டியைத் திறந்தேன்.
ஒரு எழுத்தும் அடிக்கவில்லை.
அதற்குள் முதல் வரிசையில்,
சமீபத்தில் செய்தது:
எல்லாவற்றையும் மாற்று.
கடைசியாகச் செய்ததைத்தான்
அது முதலில் நினைவு வைத்திருக்குமாம்.

மீ என்றேன்.
மீட்டெடு.
பன்னிரண்டுகள் பத்தொன்பதும்
தத்தம் இடத்தில் வந்து உட்கார்ந்தன.
சாப்பாடும் உச்சிக்குத் திரும்பியது.

காலையில் அண்ணன்
சாவிக்கொத்தைச் சுழற்றியபடியே வந்தார்.
முடிஞ்சுதுங்களா?

இல்லீங், என்றேன்.
மருவாதி ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை.

சாவிக்கொத்து நின்றது.
திருமூர்த்தி திரையைவிட்டுத் தலையை எடுக்கவில்லை.
என் பெட்டியில் கோடு
சிமிட்டிக்கொண்டே இருந்தது.
புது எலி எப்பங் வரும் என்று கேட்க
அது நேரமில்லை.